ரிப்பீட்டரில் ஸ்விட்ச் இல்லாத பாகங்கள்

ரிப்பீட்டர், அதாவது ஒருவர் ரேடியோவில் பேசுவதைக் கேட்டுத் திரும்ப ஒலிபரப்பும் நிலையம், கட்டப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ரேடியோ வாங்கலாம் என்பதுதான். பழைய மோட்டரோலாவா, கென்வுட்டா, இப்போது சீனாவிலிருந்து மலிவாக வருகிறதே அதுவா? நான் சொல்கிற பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கைக்கு எது அகப்படுகிறதோ அதை வாங்குங்கள், மீதிக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பேன். ரிப்பீட்டர் நன்றாக ஓடுவது ரேடியோவால் அல்ல. டூப்ளெக்ஸர் என்கிற வடிகட்டி, கேபிள், கனெக்டர், ஆன்டெனா, ஆன்டெனாவைச் சுற்றிக் கூரையில் கிடக்கும் இரும்புச் சாமான், இவைதான் அதன் தலையெழுத்து. இவற்றில் எதற்கும் ஸ்விட்ச் கிடையாது, விளக்கு எரியாது, டிஸ்பிளே இல்லை. அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கப்பல்களில் ரேடியோ, ரேடார் பொருத்திச் சரிபார்ப்பது என் பிழைப்பு. சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் பகலெல்லாம் அதே வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடியும் ரேடியோவோடு உட்கார்ந்தால் மனைவி சும்மா இருப்பாளா? "கடைசியில் அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்பாள். சிங்கப்பூரில் ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்காக உரிமம் பெற்று ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு, அழைப்புக் குறி 9வி1 என்று தொடங்கும். உரிமம் தருவது ஐஎம்டிஏ என்கிற தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவருடைய தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மொட்டைமாடியில், முறையாக ஒப்புதல் வாங்கி ஒரு யுஎச்எஃப் ரிப்பீட்டர் வைத்தோம். அதைக் கட்டியதிலும், பிறகு பிரித்துப் பிரித்து மாற்றியதிலும் தெரிந்துகொண்டவை இவை.

ஹாம் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் வைத்திருக்கும் வாக்கி டாக்கி 5 வாட்தான். தோ பாயோ குடியிருப்பில் பத்தாவது மாடியில் இருந்து பேசினால் எதிர் புளோக்கின் சுவரிலேயே பாதி சத்து போய்விடும். உயரமான இடத்தில் ஒரு ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் வைத்து, ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திரும்பச் சொல்ல வைத்தால் அதுதான் ரிப்பீட்டர். தீவு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். உயரமும் நல்ல காதும் இருந்தால் முழுத் தீவையும் எட்டலாம்.

"அதே நொடியில்" என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் 10 வாட். டெசிபல் (டிபி) கணக்கில், ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டால், +40 டிபிஎம். ரிசீவர் கேட்க வேண்டிய மெல்லிய சிக்னல் கால் மைக்ரோவோல்ட், அதாவது சுமார் -119 டிபிஎம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 159 டிபி, ஏறத்தாழ 80 கோடிக் கோடி மடங்கு. ஒரே ஆன்டெனா, ஒரே கேபிள், ஒரே நேரம். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாசலில் நிற்பவர் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை.

இந்த இரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸர். அதற்குள் இருக்கும் கேவிட்டிகள் உலோகக் குழாய்கள்தான், வேறொன்றும் இல்லை. டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் கேவிட்டி, ரிசீவர் அலைவரிசையில் பள்ளம் வெட்டுகிறது, அதாவது அந்த அலைவரிசையை மட்டும் போகவிடாமல் அடக்குகிறது. ரிசீவர் பக்கத்துக் கேவிட்டி, டிரான்ஸ்மிட்டர் அலைவரிசையில் பள்ளம் வெட்டுகிறது. முதலாவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையில் மட்டும் கத்துவதில்லை, இரு பக்கமும் மெல்லிய இரைச்சலையும் கொட்டுகிறது. அந்த இரைச்சல் ரிசீவரின் அலைவரிசையிலேயே வந்து விழுந்தால் ரிசீவரில் என்ன ஃபில்டர் போட்டாலும் பயன் இல்லை. வெளியே வரும் இடத்திலேயே அதை அடக்க வேண்டும்.

நாங்கள் யுஎச்எஃப் எடுத்ததற்குக் காரணம் இதுதான். 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. அவ்வளவு நெருக்கத்தில் பள்ளம் வெட்ட அரை மீட்டருக்கும் மேல் உயரமான பெரிய கேவிட்டிகள், அதுவும் ஒரு வரிசையாக வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும், வைக்க இடமும் வேண்டும். யுஎச்எஃப்பில் (எங்களுக்கு 430 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி கிடைத்தால் புத்தகம் அளவிலான தட்டை டூப்ளெக்ஸரே போதும். முதல் ரிப்பீட்டரை 2 மீட்டரில் கட்டாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், வேண்டாம்.

இரண்டு ஆன்டெனாவைத் தனித்தனியாக வைத்தால் டூப்ளெக்ஸரே வேண்டாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 430 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒரே நேர்கோட்டில் 10 மீட்டர் இடைவெளி விட்டால் 70 டிபிக்கு மேல் பிரிவு கிடைக்கும். அதே 10 மீட்டரைப் பக்கவாட்டில் விட்டால் 45 டிபிதான் தேறும். பத்து மீட்டர் உயரக் கம்பத்தை மொட்டைமாடியில் நிறுத்த யார் விடுவார்கள்? அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மலிவு டூப்ளெக்ஸர் வாங்கினால் அது உங்கள் அலைவரிசைக்கு ட்யூன் செய்யப்பட்டு வருகிறது என்று நம்பாதீர்கள். ஆர்டரில் எழுதிக் கொடுத்திருந்தாலும் பிரித்தவுடன் அளந்து பாருங்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு பக்கப் பள்ளம் 2 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றது. எந்த அலைவரிசை எவ்வளவு கடக்கிறது என்று அளந்து காட்டும் நானோவிஎன்ஏ என்கிற சின்னக் கருவி இப்போது நூறு வெள்ளி, நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஹாம்களின் வாழ்க்கையையே மாற்றிய சாமான் அது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். அடிப்படை மாடல் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தன் சிக்னலின் மடங்கை (ஹார்மானிக்கை) வைத்துத்தான் அளக்கிறது, அங்கே அதன் பார்வை 50, 60 டிபிக்குக் கீழே இறங்காது. 75 டிபி பள்ளத்தின் அடியை அது காட்டாது, தட்டையாக ஒரு தரையைத்தான் காட்டும். அதை வைத்துப் பள்ளம் எந்த அலைவரிசையில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு ஆழம் என்று தெரிய, சிக்னல் ஜெனரேட்டரையும் ரிசீவரையும் இரு முனையில் போட்டு, ரிசீவரில் சிக்னல் மிகக் குறைகிற இடத்துக்கு ஸ்க்ரூவைத் திருகுங்கள். திருகியபின் லாக் நட்டை இறுக்கும்போது கொஞ்சம் நகரும். இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள், கட்டாயம்.

டூப்ளெக்ஸர் சரியானதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவருக்கு மிக மெல்லிய சிக்னல் ஒன்றைக் கப்ளர் (ஓடும் கேபிளில் சிக்னலைச் சிறிதளவு சேர்க்கும் இணைப்பு) வழியாகக் கொடுங்கள், பேச்சு இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்கிற அளவுக்கு. டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து கேளுங்கள். பிறகு ஆன் செய்து கேளுங்கள். இரைச்சல் கூடினால் ரிசீவருக்குக் காது அடைக்கிறது என்று அர்த்தம். இப்போது சிக்னலை எவ்வளவு ஏற்றினால் பழைய நிலைக்கு வருகிறதோ, அத்தனை டிபி உங்கள் நஷ்டம். இதை முதலில் ஆன்டெனா இல்லாமல், சக்தியை வெளியே விடாமல் சூடாக விழுங்கும் டம்மி லோடு போட்டுச் செய்யுங்கள். பிறகு ஆன்டெனாவைப் போட்டுச் செய்யுங்கள். டம்மி லோடில் நஷ்டம் தெரிந்தால் குற்றம் பெட்டிக்குள்ளே: டூப்ளெக்ஸர், இணைப்புக் கேபிள், ரேடியோவின் கவசம். டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் கெட்டால் குற்றம் மாடியில். இந்த ஒரு பிரிவினை எத்தனையோ சாயங்காலங்களை மிச்சம் பண்ணியது.

எங்களுக்கு டம்மி லோடிலும் கொஞ்சம் நஷ்டம் இருந்தது. பெட்டிக்குள் ரேடியோவையும் டூப்ளெக்ஸரையும் சேர்க்கும் சின்னச் சின்னக் கேபிள்கள் ஆர்ஜி-58. அதன் கம்பிக் கவசம் ஒற்றைப் பின்னல், அதுவும் இடைவெளி தெரிகிற பின்னல். வெளியே ஒழுகிய சக்தி பக்கத்துக் கேபிளுக்குள் போய்விடுகிறது. டூப்ளெக்ஸரில் 75 டிபி வாங்கிவிட்டு அதைக் கேபிளில் தொலைப்பது என்ன கெட்டிக்காரத்தனம்? இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-400 போட்டதும் சரியாயிற்று. முழங்கை நீளத் துண்டுகள்தான், விலை மட்டும் கசக்கும்.

கனெக்டரும் அப்படியே. சிம் லிம் டவரில் ஏறி இறங்கினால் இன்னும் நல்ல சாமான் கிடைக்கிறது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியதிலிருந்து பழைய கேவிட்டி, பழைய அட்டெனுவேட்டர் என்று தற்செயலாகக் கண்ணில் படுகிற சுகம் போய்விட்டது. இப்போது கரோசெல் என்கிற இணையப் பழைய சாமான் சந்தையில் தேட வேண்டியிருக்கிறது. வாங்கும்போது கனெக்டருக்குள் இருக்கும் வெள்ளை இன்சுலேட்டரைக் கவனியுங்கள். நல்லதில் அது டெஃப்லான், சாலிடரிங் அயர்ன் பட்டாலும் உருகாது. மலிவானதில் வேறு பிளாஸ்டிக், ஈயம் வைத்தவுடன் நடுப்பின் சாய்ந்துவிடும். ஒன்றை வாங்கி வீட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். யுஎச்எஃப்பில் பிஎல்-259 ரகக் கனெக்டர் வேண்டாம், 'N' ரகக் கனெக்டர் போடுங்கள். பிஎல்-259இன் இன்னொரு பெயரில் யுஎச்எஃப் என்று இருந்தாலும் சரி.

இனி மாடிக்கு ஏறும் கேபிள். எங்களுக்கு 20 மீட்டர் தேவைப்பட்டது. ஆர்ஜி-58 போட்டால் 430 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 டிபி போய்விடும். 10 வாட் கொடுத்தால் மேலே போய்ச் சேருவது 2 வாட். எல்எம்ஆர்-400 போட்டால் 2 டிபிக்குள். முழு உலோகக் குழாயையே கவசமாகக் கொண்ட அரை அங்குல ஹெலியாக்ஸ் போட்டால் 1 டிபி.

இங்கே எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அனுப்பிய சக்தியில் எவ்வளவு முட்டித் திரும்புகிறது என்பதைக் காட்டுவது அது, 1ஐ நெருங்க நெருங்க நல்லது. "எஸ்டபிள்யூஆர் ஒன்றரைதான், ஆன்டெனா அருமை" என்று ஒருவர் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவார். அந்த 20 மீட்டர் ஆர்ஜி-58இன் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் 7 டிபி, முட்டித் திரும்பி வரும் வழியில் 7 டிபி, மொத்தம் 14 டிபி குறைந்து மீட்டருக்கு வருகிறது. 14 டிபி என்றால் மீட்டர் காட்டுவது 1.5. ஆன்டெனா இல்லாமலேயே! மட்டமான கேபிள், மட்டமான ஆன்டெனாவை நல்ல பிள்ளையாகக் காட்டும். அதனால் ஆன்டெனாவை அதன் அடியிலேயே அளங்கள். இல்லாவிட்டால் நானோவிஎன்ஏவைக் கேபிளின் கடைசி முனையில் கேலிபரேட் செய்துவிட்டு அளங்கள்.

எல்எம்ஆர்-400 நல்ல கேபிள்தான். என் வீட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் ரிப்பீட்டருக்கு அதைப் போட வேண்டாம் என்று பழைய கைகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதில் அலுமினியப் படலத்தின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வேறு உலோகம், அழுத்தம் மட்டுமே இணைப்பு. காற்றில் ஆடும்போதும் ஈரம் உள்ளே போகும்போதும் அங்கே சின்னச் சின்ன இரைச்சல் பிறக்கிறது. ஒரு நேரத்தில் கேட்பதையோ பேசுவதையோ மட்டும் செய்கிறவருக்கு அது தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் ரிப்பீட்டருக்குத் தெரியும். நாங்கள் ஹெலியாக்ஸுக்கு மாறினோம். கடினமான கேபிள், வளைக்க இரண்டு பேர் வேண்டும், கனெக்டர் போடப் பொறுமை வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கரகரப்பு மிஞ்சியது. டம்மி லோடில் இல்லை. ஆன்டெனாவில் மட்டும், அதுவும் எல்லா நேரமும் இல்லை. காலையில் சுத்தமாக இருக்கும். மத்தியானம் காற்று எழுந்தால் பேச்சுக்கு நடுவே வறுகடலை பொரிகிற மாதிரி சத்தம் வரும், மழை பிடித்துக்கொண்டால் அடங்கிவிடும். மழையில் கெடுவது எல்லோருக்கும் தெரிந்த நோய், கனெக்டருக்குள் தண்ணீர். மழையில் குணமாவது வேறு நோய். துருப்பிடித்த இரண்டு இரும்பு ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் அந்த இடம் ஒரு டயோடு மாதிரி, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பாகம் போல, வேலை செய்யும். பக்கத்தில் இருந்து 10 வாட் அடித்தால், அது தன் பங்குக்குப் பல அலைவரிசைகளில் இரைச்சலைத் திருப்பி வீசும். நனைந்தால் தொடர்பு கொஞ்சம் கெட்டிப்படும், இரைச்சல் குறையும்.

தேடிய விதம் இது. கீழே ஒருவர் மெல்லிய சிக்னலைக் கொடுத்து டிரான்ஸ்மிட்டரைத் தொடர்ந்து ஆனில் வைத்திருந்தார். மேலே நான் ஒரு கையில் வாக்கி டாக்கி, இன்னொரு கையில் காய்ந்த பிவிசி குழாய். கண்ணில் படும் ஒவ்வோர் உலோகத்தையும் குழாயால் தட்டி, அழுத்தி, அசைத்து, கரகரப்பு மாறுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஆன்டெனாக் கம்பத்தின் கிளாம்ப், ஒன்றும் இல்லை. கேபிள் ட்ரேயின் மூடி, கொஞ்சம். ஏர்கான் ஸ்டாண்டு, ஒன்றும் இல்லை. சுவரோடு செங்குத்தாகப் பொருத்திய பூனை ஏணியின் வாயிலில் குறுக்கே ஒரு பழைய இரும்புச் சங்கிலி தொங்கியது. அதன் மேல் குழாய் பட்டதும் ரேடியோ "கர்ர்ர்" என்று கத்தியது. கையை எடுத்தால் நின்றது. கண்ணி ஒவ்வொன்றும் துருப்பிடித்து, காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது.

கட்டடப் பராமரிப்பில் இருந்த தம்பி கூடவே நின்று பார்த்தார், புதுக்கோட்டைக்காரர். "அண்ணே, சங்கிலிக்கும் ரேடியோவுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றார். கையில் குழாயைக் கொடுத்து "நீங்களே தட்டிப் பாருங்க தம்பி" என்றேன். இரண்டு தடவை தட்டிவிட்டுச் சிரித்தார். பாதுகாப்புச் சங்கிலி என்பதால் அதை நாமாகக் கழற்றக் கூடாது. மேலாளரிடம் சொல்லி, கெட்டியான பிளாஸ்டிக் சங்கிலி மாட்டச் செய்தோம். கேபிள் ட்ரேயின் மூடிக்குக் கீழே ரப்பர் பட்டை வைத்து இறுக்கினோம். கரகரப்பு போன இடம் தெரியவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மாடியில் வேலை என்றால் விளையாட்டில்லை. 3 மீட்டருக்கு மேலே இருந்து விழக்கூடிய இடத்தில் வேலை செய்வதற்கு இங்கே அனுமதிச் சீட்டு முறை உண்டு. கட்டடக்காரர் கேட்பதற்கு முன்னால் நீங்களே கேளுங்கள். வெளியே தள்ளி நிற்கும் வேலைகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துவிட்டோம். கப்பலில் மாஸ்ட் ஏறிய அனுபவம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேலாக, ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற முறையில் மேல்சுற்று கீழ்சுற்றை மூட வேண்டும். அதன் மேல் கறுப்பு வினைல் டேப், வெயிலுக்கு. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் ஒரு வளையம் கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சிலிகான் பூசினால் போதும் என்பவர்கள், வினிகர் வாடை வரும் சிலிகான் செம்பை அரிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

சூடு. ரேடியோக்களை வைத்த அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஏர்கான் கிடையாது, மத்தியானம் உள்ளே போனால் சட்டை ஒட்டிக்கொள்ளும். காரில் வைக்கிற 25 வாட் ரேடியோ, அரை நிமிடம் பேசி இரண்டு நிமிடம் ஓய்வெடுப்பதற்குச் செய்யப்பட்டது. ரிப்பீட்டரில் அதற்கு ஓய்வே இல்லை. 10 வாட்டுக்கு இறக்கி, ஹீட் சிங்க்கில் 12 வோல்ட் ஃபேன் வைத்தோம். 25இலிருந்து 10 என்றால் 4 டிபி குறைவு, சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு யூனிட்கூட இல்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு, 3 நிமிடத்துக்கு மேல் ஒருவர் விடாமல் பேசினால் துண்டித்துவிடும் டைம் அவுட் டைமர். யாராவது சீட்டின் கீழே மைக்கை அழுத்திக்கொண்டு காரோட்டினால், அவர் கேட்கும் ஒலி 96.8 வானொலி எல்லாம் ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும்.

ஆடியோவில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். ரிசீவரின் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து எடுத்தால் மைக் பக்கத்தில் கொடுங்கள். டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (ஒலியைப் பிரித்தெடுக்கும் இடம், தொனித் திருத்தம் நடக்கும் முன்) நேராக எடுத்தால், அனுப்பும் பக்கத்தில் தொனித் திருத்தம் செய்யாத ஃப்ளாட் இன்புட்டில் கொடுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. டிஸ்கிரிமினேட்டரை மைக்கில் கொடுத்தால் தகர டப்பாவில் பேசுகிற மாதிரி கிரீச்சிடும். ஸ்பீக்கரை ஃப்ளாட்டில் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். பழைய மோட்டரோலா ஜிஎம்300இல் பின்பக்க 16 பின் சாக்கெட்டிலேயே எல்லாம் வருகிறது. பெட்டியைப் பிரித்துக் கம்பி ஒட்ட வேண்டியதில்லை. அதற்காகவே இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சிடிசிஎஸ்எஸ் டோன், அதாவது பேச்சோடு சேர்ந்து வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும் தாழ்ந்த ஒலி, இல்லாமல் இங்கே ரிப்பீட்டர் வைக்காதீர்கள். மலேசியாவின் ஜொகூர் ஒரு பக்கம், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு ஒரு பக்கம், இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஊருக்குள் திரும்பிய பக்கமெல்லாம் ஏதோ ஒன்று ஒலிபரப்புகிறது. டோன் இல்லாவிட்டால் நள்ளிரவில் ரிப்பீட்டர் தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டிருக்கும்.

ஆன்டெனாவில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடைகளில் வெள்ளை ஃபைபர்கிளாஸ் குழாயில் வரும் நீண்ட கோலினியர், "9 டிபி கெயின்" என்று, சிக்னலை ஒருமுகப்படுத்தும் ஆதாயத்தைப் பெரிதாகப் போட்டிருக்கும். பார்க்க அழகு. அதற்குள்ளே பல துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஈயத்தால் ஒட்டப்பட்டு நிற்கின்றன. காற்றில் குழாய் ஆட ஆட ஏதோ ஓர் ஒட்டு விரிந்தால், வெளியிலிருந்து பார்த்து எதுவும் தெரியாது, எஸ்டபிள்யூஆர்கூட மாறாது, ரிசீவர் மட்டும் கரகரக்கும். அதற்குப் பதிலாகத் திறந்த ஃபோல்டட் டைபோல்களை (வளையமாக மடித்த உலோகக் குழாய்கள்) கம்பத்தில் வரிசையாக மாட்டுவது எனக்குப் பிடித்தது. கெயின் கொஞ்சம் குறையும். ஆனால் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். உலோகம் முழுவதும் கம்பத்தோடு நேர் இணைப்பில் இருப்பதால் நிலைமின்சாரம் சேராது. 50 கிலோமீட்டர் ஊரில் கெயினுக்காக அலைவதைவிட, சுற்றிலும் மறைப்பு இல்லாத ஓர் இடத்துக்காக அலைவது மேல்.

நிலைமின்சாரம் என்றதும் இடி. சிங்கப்பூரில் ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாட்களில் இடி முழங்குகிறது. உலகத்திலேயே மின்னல் மிகுந்த இடங்களில் இது ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரே வரிசையாக வந்து இறங்கும் புயல்மழை மரத்தையே சாய்த்துவிடும், ஆன்டெனாவுக்கு என்ன மரியாதை? கம்பத்தைக் கட்டடத்தின் இடிதாங்கி அமைப்போடு தடித்த செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும், அதை உரிய தகுதியுள்ளவரே செய்ய வேண்டும். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் மின்னலின் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் கேஸ் டியூப் அரெஸ்டர் போட்டு, அதையும் அதே எர்த்தில் சேர்க்க வேண்டும். ரேடியோவுக்கு ஓர் எர்த், கம்பத்துக்கு வேறோர் எர்த் என்று வைத்தால், இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே உங்கள் ரேடியோதான் பாலம். வீட்டில் என்றால் இத்தனை வேண்டாம். கேபிளைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டு ஆன்டெனா வேறு கதை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருந்துகொண்டு ஹாமாக இருப்பது, முக்கால்வாசி ஆன்டெனாவை எங்கே ஒளிப்பது என்கிற கலைதான். பொது நடைவழியில் வைக்க முடியாது, மாடியில் ஏற நகர மன்றம் விடாது. துணி காயப்போடும் கழியில் ஆன்டெனா கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஓர் அலுமினியக் குழாய் நழுவினால் கீழே யார் நடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? வழக்கும் வரும். நான் வைத்திருப்பது சன்னல் கிரில்லுக்கு உள்பக்கம் தொங்கும் ஸ்லிம் ஜிம் என்கிற ஒல்லி ஆன்டெனா. 1978இல் இங்கிலாந்தின் ஃப்ரெட் ஜட் எழுதிக் காட்டிய வடிவம் அது. பழைய டிவி ஆன்டெனாவுக்கு வரும் 300 ஓம் தட்டை ரிப்பன் கம்பி ஒன்றரை மீட்டர் இருந்தால் போதும், 2 மீட்டர் பட்டைக்கு அருமையாக வேலை செய்யும். வேண்டாதபோது சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) அதைப் பார்த்துவிட்டு, டிவி சரியாக வரவில்லையா, என் மகனை வரச் சொல்லவா என்று இன்னமும் கேட்கிறார்.

அதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மழைக்குப் பாதுகாப்பாக பிவிசி குழாய்க்குள் போட்டால் ஒத்திசைவு இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிடும். வெளியே வைத்து 145இல் அழகாக வெட்டியது உள்ளே போனதும் 142க்குப் போய் நிற்கும். அதனால் குழாய்க்குள் வைத்தே அளந்து வெட்டுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. கிரில்லும் அதை இழுக்கும். முடிந்தவரை இரும்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். இன்னொன்று, ஆன்டெனாவின் அடியில் கேபிளை நாலைந்து சுற்று சுருட்டிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளித்தோலும் ஆன்டெனாவாக மாறி, ரேடியோவைத் தொட்டால் எஸ்டபிள்யூஆர் ஆடும்.

ரிப்பீட்டர் கட்ட இடமில்லை, கூட்டாளி இல்லை என்பவர்களுக்குத் தலைக்கு மேலேயே ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 செயற்கைக்கோள், ஹாம்கள் ஐஓ-86 என்பார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட்டில், அஸ்ட்ரோசாட்டோடு ஏறியது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால், துருவச் சுற்றுப்பாதைக் கோள்களைப் போல் எப்போதாவது எட்டிப் பார்க்காமல் சிங்கப்பூரை நாளுக்குப் பதினான்கு தடவை கடக்கிறது. அதிலிருக்கும் எஃப்எம் ரிப்பீட்டரை ஆன் செய்திருக்கும் நேரத்தில் 145.880இல் 88.5 டோனோடு பேசினால் 435.880இல் திரும்பி வரும். கோள் நெருங்கி வந்து விலகிப் போவதால் உண்டாகும் டாப்ளர் விளைவால், கீழே வரும் சிக்னல் முதலில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே நின்று பிறகு கீழே நகரும், அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அளவுநாடாவின் எஃகுப் பட்டையை வெட்டி, பிவிசி குழாயில் மாட்டி கையில் பிடித்துத் திசை பார்த்துக் காட்டும் யாகி ஆன்டெனா ஒன்றைச் செய்தால் புளோக்குக்குக் கீழே திடலில் நின்றே கேட்கலாம். முதலில் கேட்க மட்டும் செய்யுங்கள். நீங்கள் பேசியதை நீங்களே கேட்க முடிகிறதா என்று பார்க்க இரண்டு ரேடியோ வேண்டும், அங்கேயும் அதே காது அடைக்கும் பிரச்சினைதான்: 145.880இன் மூன்றாம் மடங்கு 437.640இல், கேட்கும் அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எங்கள் ரிப்பீட்டருக்கு அடுத்த வேலை பேட்டரி. கரண்டு போனாலும் ஒரு நாள் தாங்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். 40 டிகிரி அறையில் லெட் ஆசிட் சீக்கிரம் சாகும் என்பதால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பார்க்கிறோம், அதற்கு முன் கட்டடக்காரரின் தீயணைப்பு விதிகளைப் படிக்க வேண்டும். அரை அங்குல ஹெலியாக்ஸுக்குரிய 'N' கனெக்டர் யாரிடமாவது உபரியாகக் கிடந்தால் சொல்லுங்கள். பழையதானாலும் பரவாயில்லை, கழுவித் துடைத்துக்கொள்வேன்.